உடைஞ்ச சட்டிக்கு யார் காசு குடுக்கிற? மட்டக்களப்பில ஒரு மாணவர் வணிகத் திட்டப் போட்டி

போட்டி முடிஞ்சு ஒரு மாசம். "எப்பிடி இருந்த, நாங்களும் போடலாமா?" எண்டு வந்தாறுமூலைக் கம்பஸிலயும் ஒலுவில் கம்பஸிலயும் படிக்கிற கன பேர் கேட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில பதில் போட்டு முடியல்ல, அதனால முழுக்க ஒரே இடத்தில எழுதுறன். சில குறைகளும் சொல்லப் போறன், அதனால நடத்தினவங்கட பேரைப் போடல்ல. மட்டக்களப்பு டவுனில, கிழக்கு மாகாணக் கம்பஸ் மாணவர்களுக்காக வெளி அமைப்பொண்டு நடத்தின போட்டி எண்டு மட்டும் தெரிஞ்சாப் போதும்.

கேள்விக்குப் பதில்: கட்டாயம் போடுங்க. முதல் சுற்றுக்கும் இறுதிச் சுற்றுக்கும் நடுவில மூண்டு கிழமை தந்தாங்க. எங்களுக்குக் கிடைச்சதெல்லாம் அந்த மூண்டு கிழமையிலதான் கிடைச்ச.

போட்டி முறை இதுதான். பதிவுக்குக் காசில்ல. மூண்டு தொடக்கம் அஞ்சு பேர் வரை ஒரு அணி. முதல்ல பத்துப் பக்கத் திட்டம், வியாபாரம் எப்பிடி நடக்குமெண்டு ஒரே தாளில காட்டுற, ஒன்பது கட்டமுள்ள பிஸ்னஸ் மொடல் கன்வஸ், மூண்டு வருசக் கணக்கு. மறுகா ஒரு நாள் பயிற்சி, முதல் சுற்று, இறுதிச் சுற்று. இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வழி காட்டினது 1984இல அமெரிக்காவில டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கின 'மூட் கோர்ப்'. சட்ட மாணவர்கள் பொய்யா ஒரு நீதிமன்றம் வெச்சு வாதாடிப் பழகுற மாதிரி, வியாபாரம் படிக்கிறவங்க முதலீட்டாளருக்கு முன்னால நிண்டு பழகுறதுக்கு ஒரு களம். 'பழகுறதுக்கு' எண்ட சொல்லை நான் பிறகுதான் யோசிச்சுப் பார்த்தன். போகும்போது வெல்லுறது மட்டும்தான் மனசில இருந்த.

எங்கட யோசனை எருமைத் தயிர். என்ட ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரை. மாமாட்ட எருமைப் பட்டி இருக்கு. பதினாலு எருமை கறக்குது, நாளைக்கு இருபத்தஞ்சு லீற்றர் அளவில பால். மாமி விறகடுப்பில பாலைக் காய்ச்சி, விரல் வெச்சாச் சுடாத பதத்துக்கு ஆற விட்டு, முந்தின நாள் தயிரில ஒரு கரண்டியைக் கரைச்சு, சட்டி சட்டியா ஊத்தி மூடி வைப்பா. மண் சட்டி தண்ணியை உறிஞ்சுறதாலதான் தயிர் அப்பிடிக் கட்டியா, கத்தியால வெட்டுற மாதிரி உறையுது. பிளாஸ்டிக் கோப்பையில ஊத்தினா அந்தக் கட்டி வராது. மண்முனைப் பாலம் 2014இல திறக்கிறதுக்கு முன்னால இந்தத் தயிரெல்லாம் துறையில 'பாதை' எண்டு சொல்லுற மிதவையில ஏத்தித்தான் வாவியைக் கடந்து வரும். இப்ப றோட்டு இருக்கு, பஸ் இருக்கு. அப்ப ஏன் கொழும்புக்கு அனுப்பக் கூடாது? வெள்ளவத்தையில மட்டக்களப்புத் தயிர் கேட்டு வாறவங்க எவ்வளவு பேர்! திட்டம் இவ்வளவுதான்.

அணியில நான், களுவாஞ்சிகுடித் தம்பி ஒருத்தர், ஏறாவூரில இருந்து விவசாய பீடத்தில படிக்கிறவர் ஒருத்தர், மருதமுனைப் பிள்ளை ஒராள். மருதமுனைப் பிள்ளையின்ட வீட்டில தறி இருக்கு. விலை போடுறது எப்பிடி எண்டு எங்கள் நாலு பேரிலயும் அவவுக்குத்தான் நல்லாத் தெரியும்.

எழுதின கணக்கைச் சொல்லுறன், ஏனெண்டா மறுகா நடந்ததெல்லாம் இதை வெச்சுத்தான். ஒரு லீற்றர்ச் சட்டிக்குப் பால் 260 ரூபாய், சட்டி 90, விறகு 15, லேபலும் மூடுற தாளும் 10, கொழும்புக்கு அனுப்பக் கூலி 45. மொத்தம் 420. கடைக்கு 500 ரூபாய்க்குக் குடுக்கிற. சட்டிக்கு 80 ரூபாய் லாபம். வாடகை, ஒராள் சம்பளம் எண்டு மாசச் செலவு 24,000. அப்ப மாசம் 300 சட்டி போனா முதல் தப்பும், அதுக்கு மேல லாபம். எக்செல்லில பார்க்க அவ்வளவு வடிவா இருந்த.

முதல் சுற்றில மூண்டு நடுவர்கள். ஒருத்தர் வங்கியில இருந்து வந்தவர், ஒராள் விரிவுரையாளர், மூண்டாவது கனகாலமாப் பொருள் ஏத்தி இறக்கி வியாபாரம் செய்யிற ஐயா ஒருத்தர். ஐயா ஸ்லைட்டைப் பார்க்கவே இல்ல, எங்கட கணக்குத் தாளை மட்டும் விரலால தடவித் தடவி வாசிச்சவர். முடிவில ஒரு கேள்விதான் கேட்டார்: "உடைஞ்ச சட்டிக்கு யார் காசு குடுக்கிற புள்ள?"

எங்களிட்டப் பதில் இல்ல. முந்நூறு கிலோமீற்றருக்கு மேல மண் சட்டி பஸ்ஸில போகுது, ஒண்டாவது உடையும் எண்டு நாலு பேரில ஒராளுக்கும் தோணல்ல. ஐயா கோபிக்கல்ல. "அனுப்பிப் பார்த்துட்டு இறுதிச் சுற்றுக்கு வாங்க" எண்டு மட்டும் சொன்னார். பயிற்சி நாள் முழுக்கக் கேட்ட விரிவுரைகளை விட இந்த ஒரு வரி பெரிசு.

அனுப்பினம். இருபத்தஞ்சு சட்டி. நாலு பேரும் காசு போட்டு, மாமாட்டப் பாலுக்குக் கணக்காக் காசு குடுத்து (அவர் வேணாமெண்டுதான் சொன்னார், கணக்குப் பிழைக்குமெண்டு கட்டாயப்படுத்திக் குடுத்தம்), மாமியோட இரவு முழுக்க இருந்து ஊத்தினம். பிளாஸ்டிக் கூடையில வைக்கோல் பரப்பி, சட்டிக்கும் சட்டிக்கும் நடுவிலயும் வைக்கோல் அடைஞ்சு, இராப் பஸ்ஸில ஏத்திவிட்டம். விடிய ஆறு மணிக்கு வெள்ளவத்தைக் கடைக்காரர் போட்டோ அனுப்பினார். ரெண்டு சட்டி. சுக்கு நூறா உடைஞ்சு போகல்ல. விளிம்பில இருந்து அடி வரைக்கும் மயிர் போல ஒரு கீறல், அதால மோர்த்தண்ணி கசிஞ்சு கீழே வைக்கோல் முழுக்க நனைஞ்சு கிடந்த. அடிப்பக்கம் அடிபடாம இருக்க வைக்கோலை அள்ளிப் போட்ட நாங்க, சட்டியின்ட விளிம்பும் விளிம்பும் முட்டுற இடத்தை விட்டுட்டம்.

இருபத்தஞ்சில ரெண்டு எண்டா நூறுக்கு எட்டு. சின்னத் தொகை மாதிரித்தான் தெரியுது. கணக்குப் பாருங்க: நூறு சட்டிக்குச் செலவு 42,000. விக்கிறது 92 சட்டி, அதுக்கு 46,000 வரும். எதிர்பார்த்த 8,000 ரூபாய் லாபம் 4,000 ஆச்சு. எட்டு உடைஞ்சா லாபத்தில சரி பாதி போயிரும், பதினாறு உடைஞ்சா ஒரு சதமும் மிஞ்சாது. 300 சட்டியில தப்புமெண்டு எழுதின முதல், 600 சட்டி அனுப்பினாத்தான் தப்பும். நாளைக்கு இருபது சட்டி. மாமாட பட்டியில வாற பால் கிட்டத்தட்ட முழுக்க அதுக்கே போயிரும்.

அந்தப் பின்னேரம் திட்டத்தைத் தமிழில மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினன். திட்டம் இங்கிலீசிலதான் எழுத வேணுமெண்டு சட்டம், அதனால அண்டைக்கு வரைக்கும் அவர் ஒரு வரியும் அறியார். திண்ணையில இருந்து கேட்டுட்டு, "என்னகா இது, பன்ரெண்டு மாசமும் ஒரே பால் போட்டிரிக்கிய? வட்டையில பெரும்போகம் விதைச்சா மாட்டை எங்க விடுற? மேய்ச்சல்தரைக்குக் கொண்டு போனா பால் இஞ்ச வந்து சேரவே வெயிலேறிப் போகும்" எண்டார். உண்மைதான். ஐப்பசி கார்த்திகையில வயல் விதைச்சதும் படுவான்கரைப் பட்டிகள் தூர மேய்ச்சல்தரைக்குப் போகும். நான் சின்னனில இருந்து கண்ணால கண்ட விசயம். எக்செல்லில மாசத்தை இழுத்து நிரப்பும்போது அது என்ட கைக்கு வரல்ல. எனக்கு அண்டைக்கு நித்திரை வரல்ல.

கொழும்பை விட்டுட்டம். மட்டக்களப்பு டவுன், கல்முனை, பாசிக்குடா ஹோட்டல்கள், இவ்வளவுதான். காலையில ஓட்டோவில போற தூரம். கூலி 45இல இருந்து 20க்கு இறங்கினதால சட்டிக்குச் செலவு 395, விலை 470. மருதமுனைப் பிள்ளை விளிம்புக்கு வைக்கோலால ஒரு வளையம் பின்னிப் போட்டா. அம்பது சட்டி அனுப்பிப் பார்த்தம், ஒண்டுதான் கீறின. அந்தக் கணக்கில முதல் தப்ப மாசம் 366 சட்டி, அதாவது நாளைக்குப் பன்ரெண்டு பதின்மூண்டு. பெரும்போகத்தில பால் குறைஞ்சாலும் சமாளிக்கலாம். இந்த மூண்டு கிழமையில நான் படிச்சது மூண்டு வருச வகுப்பில படிச்சதோட வந்து சேர்ந்தாப்போல இருந்த. லாப நட்டச் சமநிலை எண்டு பரீட்சைக்கு எத்தனை தரம் எழுதியிருக்கன்! சட்டி கீறினா அந்தப் புள்ளி எங்க நகரும் எண்டு அண்டைக்குத்தான் கண்டன்.

இறுதிச் சுற்றைப் பற்றி அவ்வளவு சொல்ல ஒண்டுமில்ல. ஆறு அணி. மண்டபம் நல்லம், மைக் நல்லம், பகல் சாப்பாடு நல்லம். ஆளுக்கு ஏழு நிமிசம் எண்டு மெயில் வந்திருந்த. விடிய வந்து நிக்கும்போது அஞ்சு நிமிசம் எண்டுட்டாங்க. பன்ரெண்டு ஸ்லைட்டில அஞ்சை அந்த இடத்திலேயே வெட்டினம். கன்வஸ் ஸ்லைட்டை எடுத்துட்டு, கீறின சட்டியை மேசையில வெச்சுட்டுத் தமிழில பேசினன். பேச்சு மூண்டு மொழியில எதிலயும் பேசலாம், அது இந்தப் போட்டியில எனக்குப் பிடிச்ச விசயம்.

நாலாவதா வந்தம், பரிசு இல்ல. வென்றது வாவியில நண்டு வளர்க்கிற அணி. மூண்டு மாசமா உண்மையாவே நண்டு வித்து, பில்லோட வந்தாங்க. அவங்களுக்குக் கிடைச்சது நியாயம்தான். அதைப் பார்த்துட்டு நான் வாசிச்ச ஒண்டையும் சொல்லணும்: 1998இல எம்.ஐ.டி. மாணவர் போட்டியில இறுதிச் சுற்றுக்கு வந்த அணிகளில ஒண்டுதான் பிறகு ஆகமாய் எண்ட கம்பனி ஆன. இணையத்தில படமும் வீடியோவும் வேகமா வந்து சேர வழி செய்யிற பெரிய கம்பனி அது. அதனால நாலாவது எண்டதோட எங்கட தயிர் முடிஞ்சு போகாது.

இப்ப குறைகள். இதை நடத்துறவங்க வாசிக்க வேணுமெண்டுதான் எழுதுறன். திட்டத்தை இங்கிலீசில மட்டும் கேக்கிறது பிழை. எங்கட திட்டத்தில கிடந்த பெரிய ஓட்டையைக் கண்டு பிடிச்சது இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாத என்ட மாமா. தமிழிலயோ சிங்களத்திலயோ எழுத விட்டா வீட்டில உள்ள அனுபவம் உள்ளவங்க முதல் நாளே வாசிச்சுச் சொல்லியிருப்பாங்க. நேரத்தை அண்டைக்கு விடிய மாத்தினது அடுத்த பிழை. கல்முனை அணியில ஒரு தங்கச்சி மனப்பாடம் செய்து வந்தவ, நடுவில நிறுத்தச் சொன்னதும் அழுதுட்டா. அந்தப் பிள்ளையின்ட யோசனை, பன்புல்லால லப்டொப் பை, நல்ல யோசனை. ஆனா எனக்கு ஆகக் கவலை புள்ளித்தாள் தராததுதான். நடுவர்கள் ஒவ்வொரு அணிக்கும் தாளில கனக்க எழுதினத நாங்க கண்ணால பார்த்தம். அந்தத் தாள் எங்களுக்கு வரல்ல. முதல் சுற்றில வாயால சொன்ன ஒரு வரியே எங்கட திட்டத்தைத் தலைகீழா மாத்தினதெண்டா, எழுதின அந்தத் தாளில எவ்வளவு இருந்திருக்கும்! முதல் சுற்றோட வெளியில போன அணிகளுக்கு அது இன்னும் கூடத் தேவை.

செலவையும் சொல்லுறன், கன பேர் கேட்டாங்க. திட்டத்தைப் பிரதி எடுத்துக் கட்ட, பஸ், ஓட்டோ எல்லாம் நாலு பேருக்கும் பிரிச்சா ஆளுக்கு ரெண்டாயிரத்துக்குள்ள. வெள்ளவத்தைக்கு அனுப்பின இருபத்தஞ்சில இருபத்திமூண்டு வித்து, செலவு போகக் கையில மிஞ்சினது சரியா ஆயிரம் ரூபாய். எங்கட பழைய கணக்கு ரெண்டாயிரம் எண்டு சொன்ன. பரீட்சைக் காலத்தில மட்டும் போடாதீங்க, அந்த மூண்டு கிழமையை முழுசாக் குடுக்க ஏலாட்டி இந்தப் போட்டியில உங்களுக்குக் கிடைக்கிறது சான்றிதழ் மட்டும்தான். அணியில ஒராளாவது விக்கிற வீட்டில இருந்து வந்தவரா இருக்கட்டும்.

அஞ்சுக்கு எத்தனை எண்டு கேட்டா: நடுவர்களுக்கு அஞ்சு, அந்த மூண்டு கிழமைக்கு அஞ்சு, ஏற்பாட்டுக்கு ரெண்டரை.

போன கிழமை வியாபாரப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில படிவம் எடுத்தம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மாமிட அடுப்படியைப் பார்க்க வேணும், அதுக்குத் தரைக்குச் சீமெந்து போட்டுக்கொண்டிருக்கம். புள்ளித்தாளைக் கேட்டு நடத்தினவங்களுக்கு மெயிலும் போட்டிருக்கம். வந்தா அதில என்ன எழுதியிருக்கெண்டு இதோடயே சேர்த்துப் போடுறன். எங்கட கணக்குத் தாள் வேணுமெண்டவங்க கேளுங்க, உடைவுக்கு ஒரு வரி சேர்த்தது, மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம்.