கலை ‘காலை’ ஆன கதை: வயர்லெஸ் கீபோர்டோடு நான்கு ஆண்டு

2021-இல், கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த சமயத்தில், கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன். மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் பிழை திருத்துவதும் என் தொழில். அடுக்குமாடி வீட்டில் எனக்குக் கிடைத்தது ஜன்னலோரத்தில் ஒரு சின்ன மேசை. வயர்கள் இடத்தை அடைக்கின்றன என்று கீபோர்டும் மவுஸும் ஒரே ரிசீவரில் இயங்கும் வயர்லெஸ் செட் ஒன்று வாங்கினேன். கணினிக்குப் பின்னால் ரிசீவரைச் செருகியதும் வேலை செய்தது. முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் எழுத்து தவற ஆரம்பித்தது.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். நான் அஞ்சல் முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்துத் தமிழைத் தட்டுகிறேன். அதில் ஆங்கில ‘ஏ’ விசை ஒருமுறை விழுந்தால் அகரம், இரண்டுமுறை விழுந்தால் ஆகாரம். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன் என்ற செய்தி கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்து அதே எழுத்தைத் திரும்பப் போடும். படம் பாடம் ஆகிவிடும். பட்டம் பாட்டம் ஆகிவிட்டால் கண்ணில் படும். பாடம் பிழையே இல்லாத சொல், சொற்பிழை மட்டும் பார்க்கும் திருத்தி அதைப் பிடிக்காது. ஓர் அழைப்பிதழில் ‘கலை நிகழ்ச்சி இரவு 7 மணிக்கு’ என்பது ‘காலை நிகழ்ச்சி இரவு 7 மணிக்கு’ என்று போய்விட்டது. அச்சுக்குப் போகும் முன் வாடிக்கையாளரே பார்த்துவிட்டார். “அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்று அவர் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிழை திருத்துவதற்குக் காசு வாங்குகிற எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பேட்டரி மாற்றினேன். ரிசீவரைக் கழற்றி வேறு துளையில் மாட்டினேன். மென்பொருளை நீக்கித் திரும்பப் போட்டேன். ஒரு கடையில் காட்டியபோது, கீபோர்டு போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்றார்கள். வாங்கப் போகும் நேரத்தில்தான் ஒன்று உறைத்தது. இந்தத் தொல்லை எல்லா நாளும் வருவதில்லை. பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை. அந்த வாரக் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டே நான் தட்டுகிற நேரம் அது.

சோதித்துப் பார்த்தேன். டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரே வரியை ஐம்பது முறை தட்டினேன். ஒரு தவறும் இல்லை. டிஸ்கை மாட்டி, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டு, அதே வரியைத் தட்டினேன். மூன்றாவது வரியிலேயே எழுத்து தவறியது. மவுஸ் அம்பும் நொண்டியது.

காரணம் இதுதான். வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ், புளூடூத், வைஃபையின் பழைய அலைவரிசை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் பேசுகின்றன. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யூஎஸ்பி 3.0 இணைப்பு, தரவு போகும்போது அதே பகுதியில் இரைச்சலைக் கக்குகிறது. துளையிலிருந்தும் வருகிறது, டிஸ்கின் வயரிலிருந்தும் வருகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் தடுமாறுவதும் அதில் இருக்கிறது. என் ரிசீவர் டிஸ்க் செருகிய துளைக்குப் பக்கத்துத் துளையில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி இருந்தது. சந்தைக்கடை நடுவில் நின்றுகொண்டு ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்கிற நிலை அதற்கு.

கணினிக் கடைகள் நிறைந்த புக்கிட் பிந்தாங் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கினேன், 12 வெள்ளி (ரிங்கிட்). அதன் முனையில் ரிசீவரை மாட்டி, மேசை விளிம்பின் அடியில், கீபோர்டிலிருந்து ஒரு முழத்துக்குள் டேப் போட்டு ஒட்டினேன். வயரின் மறுமுனை, நீலத் துளையில் இல்லாமல் கறுப்புத் துளையில், அதாவது யூஎஸ்பி 2.0-இல். அன்றைக்கு நின்ற தொல்லை இன்றுவரை திரும்பவில்லை. போய்விட்டது என்று சொன்ன அதே கீபோர்டில்தான் இதைத் தட்டுகிறேன்.

நீட்டிப்பு வயர் கிடைக்காதவர்கள், ரிசீவரை முன்பக்கத் துளைக்கு மாற்றி, டிஸ்கைப் பின்பக்கம் கொண்டுபோனாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஐந்து நிமிட வேலை. புதிதாக எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள், தயவுசெய்து.

இரண்டாவது தொல்லை வேறு மாதிரி. கொஞ்ச நேரம் எழுந்து போய்த் திரும்பி வந்தால் மவுஸ் உடனே அசையாது. மின்சாரம் மிச்சப்படுத்த விண்டோஸ் யூஎஸ்பி துளையைத் தூங்க வைத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், இந்தச் சாதனத்தைக் கணினி நிறுத்திக்கொள்ளலாம் என்ற கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. புளூடூத் அடாப்டருக்கும் அதே வழிதான். சில மடிக்கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷட் டவுன் செய்து திறப்பதும் ரீஸ்டார்ட் செய்வதும் ஒன்றல்ல. விரைவாகத் திறக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்கிறது. சிக்கலும் கூடவே வந்துவிடலாம். புளூடூத் காணாமல் போனால் நான் முதலில் செய்வது ரீஸ்டார்ட்தான்.

புளூடூத் ஹெட்செட்டில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. பாட்டு நன்றாகக் கேட்கும். கூட்டத்தில் சேர்ந்து மைக் திறந்த உடனே குரல்கள் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல ஆகிவிடும். இது பழுது இல்லை. சாதாரண புளூடூத்தில் தரமான ஸ்டீரியோவும் மைக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை; மைக் கேட்டதும் குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். கூட்டச் செயலியில் மைக்கை மட்டும் வெப்கேமராவின் மைக்குக்கு மாற்றினேன். ஹெட்செட் காதுக்கு மட்டும் என்றானதும் ஒலி தெளிந்தது. அப்படியும் இடையிடையே விக்கும். எங்கள் மாடியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபதுக்கு மேல் பெயர் வரும். புளூடூத் நெரிசலான அலைவரிசைகளை விட்டுத் தாவித் தாவித்தான் பேசுகிறது. ஆனால் தாவ இடம் வேண்டுமே. என் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிய பிறகு விக்கல் வெகுவாகக் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

போன ஆண்டு எதிர்வீட்டுத் தம்பி புதுக் கணினி ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிக் கட்டினார். “அக்கா, புளூடூத் மவுஸ் ரெண்டடி தள்ளி வெச்சாலே விட்டுப்போகுது, மதர்போர்டு கெட்டுப்போச்சு போல” என்று வந்து நின்றார். போய்ப் பார்த்தேன். பின்னால் இரண்டு பொன்னிறத் திருகு முனைகள் வெறுமையாக இருந்தன. “டப்பாவுல கறுப்பா ரெண்டு குச்சி மாதிரி ஏதாவது இருந்துச்சா?” என்று கேட்டேன். இருந்தது, பிரிக்காத பையில். வைஃபைக்கு மட்டும்தான் ஆண்டெனா, நான் கேபிளில் இணையம் எடுக்கிறேன் என்று நினைத்து விட்டுவிட்டார். புளூடூத்துக்கும் அதே ஆண்டெனாதான். திருகி மாட்டியதும் கூடத்தின் மறுமுனைவரை மவுஸ் வேலை செய்தது. போர்டைத் திருப்பிக் கொடுக்க அவர் கடைக்குப் போகவிருந்தது மறுநாள் காலை.

நான்கு ஆண்டில் கீபோர்டின் எழுத்துகள் மூன்று அழிந்திருக்கின்றன, ஸ்பேஸ் விசை பளபளக்கிறது, ஒருமுறை பேட்டரி கசிந்து துருவைச் சுரண்ட வேண்டியிருந்தது. இன்று புதிதாக வாங்குவதென்றால் கீபோர்டையும் மவுஸையும் இதேபோல ரிசீவர் வைத்ததாகத்தான் எடுப்பேன், கூடவே நீட்டிப்பு வயரும். கூட்டங்களுக்கு வயர் வைத்த ஹெட்செட்டுக்கு மாறிவிட்டேன். புளூடூத் ஹெட்செட் இப்போது சமையலறையில், கைப்பேசியோடு இருக்கிறது.

இன்றும் வெள்ளிக்கிழமை. பக்கத்தில் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கிறது.