உஃபிசி டிக்கெட்டில் 94 யூரோ போச்சு, ஃபுளோரன்ஸ் போகிற மாணவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரிதான் பீசாவுக்குத் திரும்பினேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் எழுத்து அப்படி இப்படி இருக்கும். ஒருநாள் பயணத்துக்கான சிக்கனக் குறிப்புகளையும் கடைசியில் தருகிறேன்.

நானும் அறைத்தோழன் தம்பியும் (கூடப் பிறந்தவன் இல்லை, ஜூனியர்) போட்ட திட்டம் கஞ்சத்தனமான திட்டம்தான். மெதுவாகப் போகிற உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம், ஒரு வழிக்கு ஆளுக்கு ஏறக்குறைய பத்து யூரோ. மதியத்துக்கு உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. பெரிய தேவாலயத்துக்குள் போவது இலவசம், அதன் குவிமாடத்தின் 463 படி ஏறத்தான் 30 யூரோ, அதை எடுத்த எடுப்பிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். டேவிட் சிலைக்கு சதுக்கத்தில் நிற்கும் நகலே போதும். ஒரே ஒரு செலவு உஃபிசி ஓவிய அருங்காட்சியகம், ஏனென்றால் போத்திசெல்லி வரைந்த வீனஸ் ஓவியத்தைப் பார்க்க வேண்டும் என்று தம்பி இத்தாலிக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான்.

வியாழன் ராத்திரி போனில் தேடியபோது முதலில் வந்த டிக்கெட் தளத்தைத் திறந்தேன். குவிமாடம் படம், நட்சத்திரங்கள், "இன்னும் 3 இடங்கள்தான்" என்று ஓடும் கடிகாரம். அதையெல்லாம் பார்த்து நான் மயங்கவில்லை. "நீங்கள் மாணவரா?" என்று ஒரு கட்டம் இருந்தது, அங்கேதான் விழுந்தேன். டிக் போட்டதும் 59-ஐ அடித்து 47 என்று பச்சையில் காட்டியது. கல்லூரி அட்டையைப் படம் எடுத்து ஏற்றச் சொன்னது. ஏமாற்றுகிறவன் அட்டையெல்லாம் கேட்பானா என்று நினைத்து, ஓடிபியையும் நானே போட்டேன். இரண்டு பேருக்கு 94 யூரோ. நம்ம ஊர்க் காசுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல்.

வந்தது டிக்கெட் இல்லை, ஒரு வவுச்சர். அந்தச் சதுக்கத்திலேயே இருக்கும் லோஜியா தெய் லான்சி மண்டபத்தருகே 10.45-க்கு நீலக் கொடியோடு ஆள் வருவார், அவரிடம் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று போட்டிருந்தது. சரி, இப்படியும் ஒரு முறை இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

கிரேக்கக் கதையில் வரும் அரக்கி மெதூசாவின் வெட்டின தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் வீரன் பெர்சியஸின் சிலைக்கு எதிரில் 12.30 வரை நின்றோம். கொடி வந்தது, சிவப்பு, மஞ்சள், ஒரு பெண் குடையைக்கூடத் தூக்கிக்கொண்டு போனாள், நீலம் மட்டும் வரவில்லை. வவுச்சரில் இருந்த எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரல். சாட்டில் "எங்கள் ஆள் வந்துகொண்டிருக்கிறார்" என்று மூன்று தடவை அதே வாக்கியம். அப்புறம் "நீங்கள் இடத்துக்கு வரவில்லை என்று எங்கள் ஆள் பதிவு செய்துவிட்டார், பணம் திரும்பாது." எங்கள் பின்னால் பெர்சியஸ் தெரிய செல்ஃபி எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது!

அருங்காட்சியகக் கவுன்டரில் வவுச்சரைக் காட்டினேன். அந்த அம்மா பார்த்துவிட்டு இது எங்களுடையது இல்லை என்று தலையாட்டினார். அங்கே 25 யூரோ, முன்பதிவுக்கு இன்னும் 4, ஆக அசல் விலையே 29-தான், என் "மாணவர் சலுகை" 47. சலுகை என்று நிஜமாக ஒன்று இருக்கிறது, 18 முதல் 25 வயதுக்கு 2 யூரோ, ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. அப்புறம் ஆறுதலாக நினைத்துத்தான் சொன்னார், நாளைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, எல்லோருக்கும் இலவசம் என்று. ரயிலுக்குப் போக வர ஆளுக்கு இன்னொரு இருபது, இரண்டு பேருக்கு நாற்பது யூரோவுக்கு எங்கே போவது?

சதுக்கத்துத் தரையில் வட்டமாக ஒரு கல் பதித்திருக்கிறார்கள், 1498-இல் சவோனரோலா என்ற துறவியை எரித்த இடமாம். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சப்பாத்தியைத் தின்றோம். என் வயிறு எரிந்ததற்குக் கல் எவனும் வைக்க மாட்டான். தம்பி குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, "பரவாயில்லைண்ணா" என்று மட்டும் சொன்னான், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கார்டு கொடுத்த வங்கியைக் கூப்பிட்டேன். "ஓடிபி நீங்கள் போட்டதுதானே சார்" என்றார்கள். புகார் எண் தந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 94 யூரோ.

குறிப்புகள் என்று சொன்னேன் இல்லையா. டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள், தேடலில் முதலில் வருவதைத் தொடாதீர்கள். வழியில் ஆள் வந்து டிக்கெட் தருவார் என்றால் வேண்டாம். திங்கள் உஃபிசிக்கு விடுமுறை. ரயில் டிக்கெட் காகிதமாக இருந்தால் ஏறுவதற்கு முன் மெஷினில் முத்திரை குத்துங்கள், இல்லாவிட்டால் அபராதம். மீதியை அப்புறம் எழுதுகிறேன், இப்போது சாட்டில் வந்ததையெல்லாம் படம் எடுத்து வங்கிக்கு அனுப்ப வேண்டும், அந்த ஆள்கள் அழித்துவிடுவதற்குள்.