ஊருக்குப் போன இடத்தில் தும்மலுக்கு வைத்தியம்

வெளிநாட்டில் வாழும் மகரந்த ஒவ்வாமைக்காரர்கள் பலர், ஊர் மண்ணை மிதித்தால் தும்மல் நின்றுவிடும் என்ற நம்பிக்கையோடு பெட்டி கட்டுகிறார்கள். அந்த நம்பிக்கை முழுக்கப் பொய்யும் அல்ல. ஒரு செடியின் மகரந்தத்தை உடல் எதிரியாகக் கருதுவதற்கு முன் அதனோடு பலமுறை பழகியிருக்க வேண்டும் என்பதால், குடியேறிய நாட்டின் புல்லுக்கும் மரத்துக்கும் தும்மிக்கொண்டிருந்தவருக்கு, அந்தச் செடிகொடிகளும் அவற்றுக்கு உறவானவையும் இல்லாத இடத்தில் சில காலம் நிம்மதி கிடைப்பதுண்டு. ஆனால் வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளுக்கு நாடும் இல்லை, பருவமும் இல்லை. பூட்டிக் கிடந்த அறையின் பழைய மெத்தையில் படுத்தவர் மறுநாள் காலையில் அதை உணர்ந்துகொள்வார். ஊருக்கு வந்த இந்தப் பயணத்தில், வெளிநாட்டில் வாழும் எனக்கும், ஊரிலேயே இருந்து இதே தொல்லையை நெடுநாளாகச் சுமக்கும் என் அக்காவுக்கும் மருந்துக் கடை, சிறு மருத்துவகம், பெரிய மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவு ஆகிய மூன்று இடங்களிலும் வேலை இருந்தது. மருந்துக்கு எங்கும் பஞ்சமில்லை. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது என்பதே நான் கண்டது.

மருந்துக் கடையிலிருந்து தொடங்குகிறேன். ஒரே மருந்து நாட்டுக்கு நாடு வேறு வணிகப் பெயரில் விற்கப்படுவதால், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்சோஃபெனடின் என்று தும்மலை அடக்கும் மருந்தின் பொதுப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதி எடுத்துச் செல்வதே நல்லது. நான் நீட்டிய காலி அட்டையைக் கடைக்காரர் திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, பொடி எழுத்தை வாசித்துவிட்டு, அதே மருந்தை அதே அளவில் வேறு பெயரில் எடுத்து வைத்தார். அவரை நான் மெச்சுகிறேன். அக்கா போய்க் கேட்ட இன்னொரு கடையில், “தும்மலா? இதைப் போடுங்கள்” என்று குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின், பாரசிட்டமால் மூன்றும் கலந்த சளி மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். முதலாவது பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து. மூளைக்குள் புகுந்து தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் வண்டி ஓட்டுபவருக்கு ஆகாது. இரண்டாவதை வாய்வழியாக உட்கொண்டால் வழக்கமான அளவில் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவே 2023இல் முடிவு சொல்லிவிட்டது. மூன்றாவது காய்ச்சலுக்கானது. பெயரில் காய்ச்சல் இருந்தாலும், ஹே ஃபீவர் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இந்த மகரந்த ஒவ்வாமையில் காய்ச்சல் வருவதில்லை என்பதால் அதற்கும் அங்கே வேலை இல்லை.

அக்காவின் தலையணை ஓரத்தில் இருந்த சொட்டு மருந்துதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் போன்ற மருந்துகள் மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். அந்த உடனடி சுகமே அவற்றின் ஆபத்து. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் மூக்குச் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கி, மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு என்று ஒரு சுழல் உருவாகிவிடுகிறது. மாதக் கணக்கில் இரவுதோறும் அதைப் போட்டுக்கொண்டு, தன் ஒவ்வாமை முற்றிவிட்டது என்று அக்கா நம்பியிருந்தார். விற்ற கடை எதுவும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பக்கத்தில் இருந்த சிறு மருத்துவகத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. மூக்கைப் பார்க்காமலே, நெடுநாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டுவிட்டால் பருவம் முழுதும் தொல்லை இருக்காது என்றார்கள். தும்மல் அடங்கத்தான் செய்யும். ஆனால் உடல் முழுவதும் பரவும் அந்த மருந்தை, இரத்தச் சர்க்கரை ஏறினாலும் வேறு பக்க விளைவு வந்தாலும் திரும்ப எடுக்க வழியில்லை. உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்கு இவ்வளவு துணிச்சல் தேவையில்லை என்பதால்தான் ஒவ்வாமை மருத்துவ வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. சில வாரங்களில் வெளிநாடு திரும்பிவிடும் என்னைப் போன்றவர்களுக்கு விரைவான தீர்வு மீது ஆசை அதிகம் என்பதும், அந்த ஆசையைப் புரிந்துகொண்டவர்கள் எங்கும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

மருத்துவமனையின் ஒவ்வாமைப் பிரிவு வேறு உலகமாக இருந்தது. முன்பதிவு செய்தபோதே தொலைபேசியில், பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தோல் பதில் சொல்லாது என்று விளக்கினார்கள். அன்று அக்காவின் முன்கையில் பேனாவால் வரிசையாக எண்களை எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொட்டுத் திரவம் வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் சிறு ஊசிமுனையால் தோலை இலேசாகக் குத்தினார்கள். இரத்தம் வரவில்லை. உப்புநீர் வைத்த இடம் அப்படியே இருக்க வேண்டும், ஒவ்வாமையின்போது உடலே வெளிவிடும் ஹிஸ்டமின் என்ற பொருளை வைத்த இடம் தடிக்க வேண்டும்; அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். கால் மணி நேரத்தில் கொசுக்கடி போல எழும்பிய தடிப்புகளை அளவுகோல் வைத்து அளந்தார்கள். தூசி உண்ணியும் ஒரு வகைப் புல்லும் தெளிவாகத் தெரிந்தன. தடிப்பு வந்துவிட்டதனாலேயே அது நோய் ஆகிவிடாது, உங்களுக்குத் தொல்லை வரும் காலத்தோடும் இடத்தோடும் அது பொருந்த வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை, நூறு பொருள்களுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு குழம்பி நிற்கும் உறவினர்கள் சிலருக்கும் பிறகு சொன்னேன்.

ஆனால் அன்று எங்களுக்கு உண்மையில் பயன்பட்டது பரிசோதனை அல்ல, வெளியே வந்தபின் செவிலியர் ஒதுக்கிய சில நிமிடங்கள். மருத்துவர் எழுதிய, மூக்கின் வீக்கத்தைத் தணிக்கும் மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரேயை அக்கா வாங்கி வந்ததும், “ஒருமுறை போட்டுக் காட்டுங்கள் அம்மா” என்றார் அவர். அக்கா தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, ஸ்பிரேயை நடுத்தண்டை நோக்கி நேராகப் பிடித்து அழுத்திவிட்டு, ‘சர்ர்’ என்று உறிஞ்சினார். மருந்து தொண்டைக்கு இறங்கிய கசப்பு முகத்தில் தெரிந்தது. செவிலியர் சிரிக்கவில்லை, குறை சொல்லவும் இல்லை. முதலில் மூக்கை மெல்லச் சிந்தச் சொன்னார். பாட்டிலைக் குலுக்கவும், புதிது என்பதால் காற்றில் சிலமுறை அழுத்திப் பார்க்கவும் சொன்னார். பிறகு தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடிக்கச் செய்தார். அப்படிப் பிடித்தால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பிவிடுகிறது. நடுச்சுவரில் மருந்து படிந்து இரத்தம் கசிவதும் குறைகிறது. “உறிஞ்ச வேண்டாம், பூவை முகர்வதுபோல் மெல்ல மூச்சு இழுத்தால் போதும்” என்றார். இந்த ஸ்பிரே அன்றைக்கே அற்புதம் செய்யாது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், மூக்கு நன்றாக இருக்கிறதே என்று நடுவில் விட்டுவிடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தார். இரவுச் சொட்டு மருந்தை இதன் துணையோடு நிறுத்தச் சொன்னதும் அவர்தான்.

உப்புநீரால் மூக்கைக் கழுவும் முறையை அவரே காட்டினார். கொதிக்கவைத்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஆகும் என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். குழாய் நீரில் அரிதாக இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா, குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியே ஏறினால் மூளையைத் தாக்கிவிடும்.

தடுப்பூசி முறையில் ஒவ்வாமையைப் பழக்கும் சிகிச்சை பற்றியும் கேட்டோம். 1911இல் லண்டனில் லியோனார்டு நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுத் தொடங்கிய இந்த முறைதான், தும்மலை அடக்குவதோடு நிற்காமல் உடலின் எதிர்வினையையே மாற்ற முயல்கிறது. ஆனால் பொதுவாக மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டும். ஒவ்வோர் ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரமாவது மருத்துவரின் கண்பார்வையில் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்தவர் இங்கே தொடங்கி அங்கே தொடரலாம் என்று நினைப்பது சரிப்படாது, சாறும் அளவும் இடத்துக்கு இடம் மாறும் என்று மருத்துவர் நேரடியாகவே சொல்லி, என் பணத்தை மிச்சப்படுத்தினார். ஊரிலேயே இருக்கும் அக்காவிடமோ, முதலில் ஸ்பிரேயை ஒழுங்காகப் போட்டுப் பாருங்கள், போதாவிட்டால் பேசலாம் என்றார். மூச்சுத்திணறலோ இளைப்பின் விசில் ஒலியோ இருந்தால் காத்திருக்காமல் வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். மூக்கில் ஒவ்வாமை உள்ள பலருக்கு ஆஸ்துமாவும் கூடவே இருக்கிறது.

வீட்டில் செய்தவை சாதாரணமானவைதான். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க ஏற்பாடு செய்தோம். புல் பூக்கும் காலத்தில் துணிகளை வெளியே உலர்த்துவதை அக்கா நிறுத்த ஒப்புக்கொண்டார். வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளிக்க ஒப்புக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை, நான் திரும்பும் நேரம் அங்கே மகரந்தப் பருவம் தொடங்கும் நேரம். பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஸ்பிரேயைத் தொடங்கவேண்டும் என்பதால், அது ஊரில் இருக்கும்போதே தொடங்க வேண்டிய வேலை. செவிலியர் நாள்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டு, என் மருந்துச் சீட்டின் மூலையில் அந்தத் தேதியை எழுதி வட்டமிட்டுக் கொடுத்தார்.