கணினித் தகவல் ஸ்கிரிப்ட், நீண்ட நாள் ஓட்டத்துக்குப் பின்: நினைவக வரிதான் இன்னும் உறுத்தல்

“ஸ்கிரிப்ட் 95% நினைவகம் தீர்ந்துவிட்டது என்கிறது, ராம் வாங்கிப் போடட்டுமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். லினக்ஸ் கணினியின் நினைவகம், வட்டு, வெப்பநிலை போன்றவற்றைக் காட்ட நாமே எழுதிக்கொள்ளும் சிறு ஷெல் ஸ்கிரிப்டைத்தான் (கட்டளைகளின் கோவை) சொல்கிறார். அவர் கேள்விக்கான பதில்தான் இது. வாங்க வேண்டாம். ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

அந்த வரி எல்லோரிடமும் ஒன்றேதான்: நினைவகக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையின் வெளியீட்டை, வரிகளைப் புலங்களாகப் பிரிக்கும் ஆக் நிரலுக்குக் குழாய்வழி அனுப்பி, 4ஆம் புலத்தை எடுப்பது. அந்தப் புலம் சொல்வது, எதற்குமே பயன்படாமல் சும்மா கிடக்கும் நினைவகத்தை. லினக்ஸ் நினைவகத்தைச் சும்மா விடாது. வட்டிலிருந்து படித்த கோப்புகளை அதில் தேக்கி வைத்துக்கொள்ளும், நிரல்கள் கேட்டால் விட்டுக்கொடுக்கும். அதனால் 8 ஜிபி கணினி நலமாக ஓடும்போதும் அந்தப் புலத்தில் 400 எம்பிதான் தெரியலாம். உண்மையில் புதிய நிரல்களுக்கு 5 ஜிபி கிடைக்கும் நிலை இருக்கும்.

சரி, “கிடைக்கக்கூடியது” 7ஆம் புலத்தில் இருக்கிறதே, அதை எடுக்கலாமே என்றால், எரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. 2014இல் ஃப்ரீயை உள்ளடக்கிய ப்ராக்பிஎஸ் தொகுப்பின் 3.3.10 பதிப்பில் ஃப்ரீயின் அமைப்பே மாறியது. அதற்கு முந்தைய பதிப்பிலும் 7ஆம் புலம் உண்டு, ஆனால் அது தேக்ககத்தின் அளவு! பழைய சர்வரில் அதே ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாமல் தவறான எண்ணை அச்சிடும். பிழைச் செய்தி வந்தால் திருத்திவிடலாம். நம்பும்படியான பொய் எண்ணை யார் சந்தேகிப்பார்கள்?

இத்தோடு மொழி அமைப்பும் சேர்ந்துகொள்ளும். கணினி ஜெர்மனில் இருந்தால் “மெம்” என்ற தலைப்பு “ஷ்பைஷர்” ஆகிவிடும். ஆக் தேடும் சொல் கிடைக்காது, இடம் வெறுமையாக வரும். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மாறியை சி (மொழிபெயர்க்காத இயல்பு வடிவம்) என்று வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். செயலி விவரம் தரும் எல்எஸ்சிபியூ கட்டளைக்கும் இது தேவை.

நினைவகத்துக்கு நிலையான தீர்வு, ஃப்ரீயையே விட்டுவிட்டு, ப்ராக் அடைவில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பில் “மெம்அவைலபிள்” வரியைப் பெயரைச் சொல்லி எடுப்பது. லினக்ஸின் மையமான கெர்னலின் 3.14 பதிப்பு முதல் இந்த வரி இருக்கிறது. அங்கே “கேபி” என்று எழுதியிருந்தாலும் கணக்கு 1024 பைட்தான். ஜிபிக்கு மாற்ற 1024ஆல் இருமுறை வகுக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், மற்ற பகுதிகள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. இடிசி அடைவின் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பு ஓர் அருமை: புள்ளிக் கட்டளையால் ஸ்கிரிப்டுக்குள் இழுத்தால் ப்ரெட்டி_நேம் மாறியில் கணினியிலுள்ள லினக்ஸ் வழங்கலின் முழுப்பெயர் வந்துவிடும், வெட்டுவதற்கு எதுவுமில்லை. தனியாக இயங்கும் துணை ஷெல்லுக்குள் மட்டும் இழுங்கள்; நேம், வெர்ஷன், ஐடி என்ற உங்கள் சொந்த மாறிகள் இருந்தால் அவற்றின் மேலேயே எழுதிவிடும்.

வட்டு இடத்தைக் காட்டும் டிஎஃப்-க்கு சிறிய எல் (லோக்கல்), பெரிய பி (போர்ட்டபிலிட்டி) என்ற தெரிவுகள் இரண்டையும் கொடுங்கள். முதலாவது இல்லாமல், விழுந்துகிடக்கும் என்எஃப்எஸ் (வலைவழிக் கோப்புப் பகிர்வு) சர்வர் ஒன்று கணினியோடு இணைக்கப்பட்டிருந்தால் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும். இரண்டாவது, நீளமான சாதனப் பெயர் வரியை உடைக்காமல் காக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பமைப்பு வகையை விலக்குங்கள். அதில் வரும் ஸ்னாப் மென்பொருள் தொகுப்புகள் எப்போதும் 100% நிரம்பியதாகவே காட்டும்.

வெப்பநிலை மில்லி டிகிரியில் வரும், 47000 என்றால் 47 டிகிரி. தெர்மல் மண்டலம் 0 (கெர்னல் தரும் வெப்பநிலை அடைவுகளில் முதலாவது) என்பது சிபியூதான் என்று எண்ணிவிடாமல் பக்கத்திலுள்ள டைப் கோப்பைப் படித்துப் பாருங்கள்.

கையால் ஓட்டினால் சரி, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் பாதி வெறுமை என்றால் காரணம், கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறி. கிரான் பெரும்பாலும் யூஎஸ்ஆர் பின், பின் இரண்டை மட்டுமே தேடும். எஸ்பின் அடைவில் இருக்கும், வன்பொருள் விவரம் தரும் டிஎம்ஐடிகோட் அதன் கண்ணில் படாது. பாத்தை ஸ்கிரிப்டிலேயே எழுதிவையுங்கள். டிஎம்ஐடிகோடுக்கு ரூட் (நிர்வாகி) உரிமையும் வேண்டும்.

இவ்வளவும் செய்தால் நாற்பது வரிக்குள், எதையும் நிறுவாமல், பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் ஓடும் ஸ்கிரிப்ட் கிடைக்கும். அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இன்று கேட்டால், நண்பருக்கு என் பதில், இந்த விவரங்களையெல்லாம் தானே காட்டும் இன்க்ஸி என்ற கருவியை நிறுவிக்கொள்ளுங்கள் என்பதுதான். அதுவும் ஷெல் ஸ்கிரிப்டாகவே இருந்தது; 3.0 பதிப்பில் பெர்ல் நிரல்மொழிக்கு மாற்றி எழுதிவிட்டார்கள்.