வாவிக்கரைப் பறவைகளுக்கு எந்த ஜூம் கமரா?

கொக்கையும் நாரையையும் நம்மூரில் தேடிப் போகத் தேவையில்லை. மட்டக்களப்பு வாவியின் வலையிறவுப் பாலத்தில் நின்றாலே கண்ணில் படும். ஆனால் போனை நீட்டி எடுத்தால் வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் வரும். அதனால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள், லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லாத நீண்ட ஜூம் கமராக்களைத்தான் பார்க்கிறார்கள். பேச்சில் அடிபடுபவை நான்கு: நிக்கோன் பி950, பி1000, கெனன் எஸ்எக்ஸ்70, சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு. பறவை நிற்கிறதா பறக்கிறதா, நீங்கள் கரையிலா தோணியிலா என்று தெரிந்தால்தான் இவற்றில் எது உங்களுக்கு என்று சொல்ல முடியும்.

பி1000ஐ முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். 2018இல் வந்த இந்தக் கமரா 125 மடங்கு ஜூம், அதாவது 3000 மில்லிமீட்டர் வரை எட்டும். இந்த மில்லிமீட்டர் எண் கூடக் கூடத் தூரத்துப் பறவை கிட்ட வரும். நிலாவை எடுக்க இதை விட்டால் ஆளில்லை. ஆனால் எடை 1.4 கிலோ, முழு ஜூமில் லென்ஸின் துவாரம் எஃப் 8 ஆகச் சுருங்கிவிடும். எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். அதைவிடப் பெரிய சிக்கல் நமது வெயில். பொழுது ஏறியதும் வாவிக்கு மேலே சூட்டுக்காற்று அலையத் தொடங்கும். பறவையைப் பெருப்பிக்கிற லென்ஸ் அந்தக் கானலையும் சேர்த்தே பெருப்பிக்கும். அக்கரையில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம் படத்தில் கரைந்து நெளியும். 2025இல் வந்த பி1100க்கும் அதே 3000 மில்லிமீட்டர்தான், அதற்கும் இதே பேச்சு.

உண்மையான போட்டி பி950க்கும் சோனிக்கும்தான்.

பி950 2020இல் வந்தது. 83 மடங்கு ஜூம், 2000 மில்லிமீட்டர், எடை ஒரு கிலோ, முழு ஜூமில் எஃப் 6.5. நிற்கிற பறவைக்கு இந்தக் காசுக்குள் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. வலைக் கம்பில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளை மீன்கொத்தியை எடுத்துப் பாருங்கள். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை முழுதாக ஓடினால் ஆண், ஒரே பட்டை நடுவில் அறுபட்டு இருந்தால் பெண். கரையில் நின்றபடியே அதைப் பிரித்துச் சொல்ல வைக்கும் இந்த ஜூம். பெரிய கொக்கா நடுத்தரக் கொக்கா என்ற குழப்பமும் அப்படித்தான் தீரும். வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. பறவையைத் துரத்திக் கிட்டப் போகாமல் அதன் கண்ணோரம் வரை பார்க்க முடிவதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன்.

பறக்கிற பறவை என்றால் பி950 தடுமாறும். ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். செக்கனுக்கு 7 படம் வீதம் கொஞ்சப் படம் எடுத்துவிட்டு, அவற்றை மெமரி அட்டையில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வைக்கும். அதற்குள் ஆலாப் பறவை தண்ணீரில் பாய்ந்து மீனோடு போய்விடும்.

அந்த இடத்தில்தான் சோனி. 2017இல் வந்தது, ஃபோகஸை விடாமல் செக்கனுக்கு 24 படம் எடுக்கும். படத்தைப் பதியும் சென்சர் நிக்கோனுடையதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. முழு ஜூமிலும் எஃப் 4 என்பதால், பி950 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 800 கேட்கிற விடியல் வெளிச்சத்தில் இதற்கு 300 போதும். படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சலும் குறையும். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்திலோ பொத்துவில் வாவியிலோ படகில் போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆடுகிற படகில் 2000 மில்லிமீட்டரை வைத்துப் பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு.

ஆனால் சோனியின் ஜூம் 600 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். தூரத்துப் பறவையை வெட்டிப் பெருப்பிக்கலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி950 முழு ஜூமில் காட்டும் அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்சலில் மிஞ்சுவது 1.8 மட்டுமே. போனில் பார்க்கச் சரி, பெரிதாக அச்சடிக்க முடியாது. விலையும் இருக்கிறது. வெளிவந்தபோது சோனி 1,700 டொலர், பி950 800 டொலர்.

கெனனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1365 மில்லிமீட்டர், 610 கிராம், வெளிவந்தபோது 550 டொலர். மோட்டார் சைக்கிளில் வயல்வெளி சுற்றுகிறவர்களும் நீண்ட தூரம் நடக்கிறவர்களும் இதை எடுக்கலாம். வேகத்தில் சோனிக்குக் கிட்டவும் வராது.

எதை வாங்கினாலும் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். காலையில் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் நின்று வாவியைப் பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், மாலையில் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய்விடுங்கள். வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 குறைத்தால் இறகின் வரி தெரியும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப் போகும். குமண தேசியப் பூங்காவில் பறவைகள் கூடு கட்டும் காலமான ஏப்ரல் முதல் ஜூலை வரை ஜீப்பில் போகிறவர்கள், என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, நெல் நிரப்பிய துணிப்பை ஒன்றை ஜன்னலில் வைத்து அதன்மேல் கமராவைச் சாத்தி எடுக்கலாம்.

மாரி மழைக்கு நிக்கோனும் கெனனும் தாங்காது. சோனி தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும், ஆனாலும் நனைய விடக் கூடாது. ஜூம் நீண்டு சுருங்கும்போது கடற்கரை மணலையும் உப்புக்காற்றையும் உள்ளே இழுக்கும், வீட்டில் திறந்து துடைக்க முடியாது. அதனால் பழைய கமரா வாங்கும்போது கடையிலேயே ஜூமை முழுதாக நீட்டி, வெறும் வானத்தைச் சில படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தாலோ, ஜூம் நீளும்போது அரைக்கிற சத்தம் கேட்டாலோ வாங்க வேண்டாம். விற்கிறவர் பழைய பி900ஐக் காட்டினால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அதுவும் 2000 மில்லிமீட்டர்தான், ஆனால் அதில் ரோ கோப்பு, அதாவது பின்னர் கணினியில் தாராளமாகத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு, எடுக்க முடியாது.