எம்ஜிபி சூடாகாமல் இருக்க: காப்பரா அலுமினியமா, பெல்ட் பேனா மின்பேனா?

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, பேருந்துக்கும் கல் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோதுதான் எங்கள் எம்ஜிபி முதல்முறை கொதித்தது. எம்ஜிபி என்பது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1966 மாடல். மாமா ஆசை ஆசையாக வாங்கி, பிறகு எனக்கு விட்டுக் கொடுத்த வண்டி. வெப்பம் காட்டும் ஊசி மெல்ல ஏறியது. பானெட் ஓரத்தில் ஆவி வந்தது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

அதன்பிறகு இரண்டு வருடமாக இந்த ஒரே விஷயத்தை ஆராய்ந்து, பலதையும் மாற்றிப் பார்த்தேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வண்டி சூடாவது வெயிலால் அல்ல, வேகம் இல்லாததால். 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் எதிர்க்காற்றே ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளும். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஊர்ந்து போகும்போதுதான் ஊசி ஏறுகிறது. அதனால் எதை வாங்கினாலும் 'நின்ற இடத்தில் இது என்ன செய்யும்' என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலில் ரேடியேட்டர். அத்தான் அலுமினியம் கட்சி. "வெளிநாட்டில் எல்லாரும் அதுக்கு மாறியாச்சு, நீ இன்னும் ஈயம் வச்சு ஒட்டிக்கிட்டு இருக்கே" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வெறும் உலோகமாகப் பார்த்தால், வெப்பத்தைக் கடத்துவதில் காப்பர் கிட்டத்தட்ட 400, அலுமினியம் 235 என்று கணக்கு. ஆனால் பழைய ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் குழாய் பித்தளை. அது காப்பர் தகட்டோடு சேர்வது ஈயப் பற்றில். பித்தளையும் ஈயமும் வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்துக்கும் கீழே. அலுமினிய ரேடியேட்டரில் குழாயும் தகடும் நேரடியாக ஒட்டியிருக்கும், குழாயும் அகலமாக இருக்கும். எடையும் குறைவு. ஆகவே நல்ல அலுமினியம், நல்ல காப்பருக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வேலை செய்யும்.

ஆனால் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? காப்பர் பித்தளை ரேடியேட்டரை வடசேரியில் ஒரு பழைய பட்டறையில் காலையில் கொடுத்தால் சாயங்காலம் ஈயம் வைத்துத் தந்துவிடுவார்கள். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வேண்டும், அதிலும் மெல்லிய குழாயில் கை வைக்கப் பலர் தயங்குவார்கள். உப்புக்காற்று இரண்டையும் விடாது. எங்கள் வண்டி முன்பு குளச்சல் பக்கம் கடலோர வீட்டில் நின்றது. குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியைத்தான் கோர் என்பார்கள்; பழைய கோரின் கீழ்ப்பகுதியை நகத்தால் தட்டினேன், காப்பர் தகடு பச்சைப் பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. அந்த இடத்தில் குழாய் மட்டும்தான் மிச்சம், தகடே இல்லை. தண்ணீர் ஒழுகாததால் 'ரேடியேட்டர் நல்லா இருக்கு' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம்! மேல், கீழ் டாங்கியை வைத்துக்கொண்டு புதுக் காப்பர் கோர் மாற்றினேன். அலுமினியத்தை வரவழைக்கும் செலவில் பாதிகூட ஆகவில்லை. என் வாக்கு காப்பருக்கு.

சரி, கோர் மாற்றியதும் தீர்ந்ததா? பாதிதான். பட்டறை அண்ணன் அப்போதே சொன்னார்: "மக்கா, இன்ஜின் பிளாக்கைக் கழுவாம புது ரேடியேட்டர் மாட்டினா, அந்தச் சேறெல்லாம் புதுசுலதான் வந்து அடையும்." அவர் அம்பாசடர் காலத்து ஆள். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம் என்பதால் அவருக்கு இது பழகிய இடம். பிளாக்கின் வடிகால் குழாயைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கொஞ்ச நேரத்தில் செங்கல் கரைத்ததுபோல் சிவப்புச் சேறு கொழகொழவென்று வந்தது. கடைசி சிலிண்டரைச் சுற்றி அரைச்சாண் சேறு. வருடக்கணக்கில் ஊற்றிய போர் தண்ணீரின் உப்பும் துருவும். அதைக் கழுவ ஆன செலவு ஒரு நாள் கூலி. நான் செய்ததிலேயே அதிகப் பலன் தந்தது அதுதான்.

அடுத்து பேன். இங்கேதான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

பெல்ட்டில் சுற்றும் பேனுக்கு ஒரு குறை உண்டு. தேவை அதிகமாக இருக்கும் நேரத்தில்தான் அது மெதுவாகச் சுற்றும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், 2400-ல் தரும் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். வேகமாக ஓடும்போதோ தேவையில்லாமல் சுற்றிச் சக்தியைத் தின்னும். சுற்று 2 மடங்கானால் தின்னும் சக்தி 8 மடங்கு. மின்பேன் இதற்கு நேர் எதிர். நின்றாலும் ஓடினாலும் ஒரே வேகம், தேவையில்லாதபோது நின்றுவிடும். எம்ஜி கம்பெனியே 1977 மாடலில் மின்பேனுக்கு மாறியது.

அப்படியானால் மின்பேன்தானே? அவசரப்படாதீர்கள். 1966 வண்டியில் மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்வது லூகாஸ் சி40 டைனமோ, முழு வேகத்தில் 22 ஆம்பியர்தான். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றுமே தராது, சார்ஜ் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். மின்பேன் 10 ஆம்பியர் கேட்கும். மாலை நேரம், மழை, ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது மார்த்தாண்டம் நெரிசலில் அத்தனையும் பேட்டரி தலையில் விழும். பெல்ட் பேன் எந்த நேரத்தில் சோர்கிறதோ, அதே நேரத்தில் டைனமோவும் சோர்ந்துவிடுகிறது. அதனால் மின்பேன் மாட்டினால், டைனமோவுக்குப் பதில் மெதுவான சுற்றிலும் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் மாட்ட வேண்டும். இந்த வண்டியோ பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டருக்காக நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால், இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் உள் வயரிங்கும் மாற வேண்டும். ஒரு பேன் வாங்கப் போய் வண்டியின் பாதி வயரைப் பிரிக்கும் வேலை.

பாசிட்டிவ் எர்த்திலேயே மின்பேன் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பி மாறினால் பேன் தலைகீழாகச் சுற்றும். சத்தம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரேடியேட்டர் முன்னால் ஒரு துண்டு செய்தித்தாளைப் பிடித்துப் பாருங்கள், ஒட்டினால் சரி, பறந்தால் தப்பு.

நான் கடைசியில் பெல்ட் பேனையே வைத்துக்கொண்டேன். ஆனால் பழைய உலோகப் பேனுக்குப் பதிலாகப் பிற்கால மாடலின் பல இலைப் பிளாஸ்டிக் பேன். கூடவே, ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடுக்குகளை ஸ்பாஞ்ச் பட்டை வைத்து அடைத்தேன். மேலே பானெட் தகட்டுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி இருந்தது. காற்று கஷ்டப்பட்டுக் கோருக்குள் நுழையாமல் அந்த வழியாகச் சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் பட்டை, அவ்வளவுதான்.

இன்ஜின் சூடான பிறகு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட் பற்றிச் சுருக்கமாக: கழற்றி எறியச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அது இருந்தால்தான் பிளாக்குக்குள் அழுத்தம் நிற்கும். இல்லையென்றால் இன்ஜின் காலையில் சூடாக நேரமெடுக்கும், ஆயில் கெடும். 82-க்குப் பதில் வெப்ப நாட்டுக்கான 74 டிகிரி வகை போதும். ஆனால் அது நெரிசலில் காப்பாற்றாது, திறக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவரும், அவ்வளவே. தண்ணீர் விஷயத்தில் டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் கலந்தது. வெறும் தண்ணீர்தான் வெப்பத்தை அதிகம் சுமக்கும், உண்மை. ஆனால் துருவைத் தடுக்காது. மூடியின் ரப்பரையும் பாருங்கள். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் தண்ணீர் கொதிக்க 111 டிகிரி வேண்டும், ரப்பர் போயிருந்தால் 100-லேயே கொதித்துவிடும்.

இப்போது ஆரல்வாய்மொழி கணவாயில் நடப்பதைச் சொல்கிறேன். ஆடி மாதத்தில் மேற்குக் காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு கிழக்கே பாயும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் போனால் காற்று முதுகில். 60-ல் போனாலும் ரேடியேட்டருக்கு 60-க்கான காற்று கிடைக்காது, ஊசி ஒரு கோடு மேலே நிற்கும். திரும்பி வரும்போது அதே வேகத்தில் ஊசி தானாக இறங்கும். வண்டியில் எதையும் தொடாமல், காற்று மட்டும் மாறி ஊசி இறங்குவதைப் பார்த்த பிறகு, அத்தானும் அலுமினியப் பேச்சைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

போன வாரம் மறுபடி மார்த்தாண்டம். முன்னால் கல் லாரி, பின்னால் பேருந்து, இருபது நிமிடம். ஊசி நடுவைத் தாண்டி ஒரு விரற்கடை போய் அங்கேயே நின்றது.