கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அரசு யு.பி. பள்ளி: தமிழ் டிவிஷனில் பிள்ளையைச் சேர்க்கலாமா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளையைத் தாய்மொழியில் படிக்க வைக்கக் கைக்கெட்டும் இடம் பெரும்பாலும் ஏழாம் வகுப்பு வரையுள்ள அரசு யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளிதான். எங்கள் மகள் அப்படியொரு பள்ளியின் தமிழ் டிவிஷனில், அதாவது தமிழ்வழிப் பிரிவில், ஐந்தாம் வகுப்பில் சேர்ந்து, இப்போது ஏழாம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். நான் இங்கே சொல்லப்போகும் குறைகளில் பல அங்குள்ள ஆசிரியர்களின் கையில் இல்லாதவை என்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஒரு பள்ளியின் தேர்ச்சியைப் பேசுவதற்கு முன் அங்கே யார் படிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கொச்சி சமஸ்தானத்தில் இருந்த இந்தச் சித்தூர்ப் பகுதி 1956இல் கேரளத்தோடு சேர்ந்தபோதும் எல்லையோர ஊர்களின் வீட்டுமொழி தமிழாகவே தொடர்ந்தது. மகளின் வகுப்பில் தென்னந்தோப்புகளில் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், கள் இறக்குபவர்களின் பிள்ளைகள், சிறு விவசாயிகளின் பிள்ளைகள், பழங்குடியினரான எரவாளர் பிள்ளைகள், பெற்றோரின் வேலை மாறியதால் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து நடுவில் வந்து சேர்ந்தவர்கள் என எல்லோரும் இருக்கிறார்கள். சற்று வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளின் வேன்கள் காலையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் மிகுந்த ஒரு வகுப்பின் மதிப்பெண்ணை, மாலையில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளின் மதிப்பெண்ணோடு நேராக ஒப்பிடுவது நியாயமாகாது.

ஆனாலும் ஊரில் நடப்பது அந்த ஒப்பீடுதான். ஏழாம் வகுப்பினருக்கான அரசு உதவித்தொகைத் தேர்வில் எத்தனை பேர் வென்றார்கள் என்று பள்ளிகள் வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கின்றன. பெற்றோரும் அதைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சில பிள்ளைகளின் திறமையைக் காட்டுமே தவிர, மற்றவர்கள் என்ன கற்றார்கள் என்பதைக் காட்டாது. 2024 டிசம்பரில் நாடு முழுவதும் 3, 6, 9ஆம் வகுப்புகளில் பிள்ளைகளின் கற்றலை அளக்க நடந்த பரக் ஆய்வு மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு எடுக்கப்பட்டது. அதன் மாவட்டச் சராசரியை வைத்து ஒரு சிறிய தமிழ் டிவிஷனின் நிலையை அறிய வழியில்லை. பள்ளிகளைப் பற்றிய அரசின் தகவல் தொகுப்பான யுடைஸ் தரவில் பிள்ளைகள், ஆசிரியர்கள் எண்ணிக்கையும் கட்டட வசதியும் கிடைக்கும். இவற்றைவிட, ஏழாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை அறிவியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தமிழில் தானே வாசித்து, புரிந்ததைத் தன் சொற்களில் எழுதுகிறதா என்பதையே நான் அளவுகோலாக வைக்கிறேன். இந்தப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டி வாசித்தவர்களையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தது தமிழாசிரியையின் விடாப்பிடியான உழைப்பு, அதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

பெருங்குறை ஆசிரியர் பணியிடத்தில் இருக்கிறது. கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் எடுக்கப்படும் தலைக்கணக்கே அவ்வாண்டின் பணியிடங்களைத் தீர்மானிக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு, ஏழாம் வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது அளவு. கணக்கில் சில பிள்ளைகள் குறைந்தாலும் ஒரு பணியிடம் ஆட்டம் காண்கிறது. தமிழ் மீடியம் யு.பி. ஆசிரியருக்குக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தனியாகத் தேர்வு நடத்துகிறது என்றாலும், நியமனம் வரும்வரை தினக்கூலி ஆசிரியரை வைத்தே சமாளிக்க வேண்டியிருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பருவம் முழுவதும் அறிவியல் நடத்த வந்தவர் தமிழ் பேசுவார், ஆனால் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். பிள்ளைகள் பாடத்தை வாசித்துக் காட்ட, அவர் மலையாளப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினார். அவர் அக்கறையோடுதான் உழைத்தார், ஆனால் அந்தப் பருவத்தில் விட்டுப்போன பாடம் இன்னும் ஈடாகவில்லை. 2024-25இல் 5, 7ஆம் வகுப்புகளுக்கும் அடுத்த ஆண்டு 6ஆம் வகுப்புக்கும் பாடத்திட்டம் மாறியிருப்பதால், பழைய நோட்டுகளை வைத்து வீட்டில் சரிக்கட்டவும் முடிவதில்லை.

மொழிச்சுமையும் சிறிதல்ல. ஐந்தாம் வகுப்பில் இந்தி தொடங்குவதால் தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என நான்கு எழுத்துமுறைகளைப் பத்து வயதுப் பிள்ளை சுமக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ஆறாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு மலையாளமும் இந்தியும் ஒரே நேரத்தில் புதிது என்பதால், அவர்களுக்குத் தனி வகுப்பு கட்டாயம் வேண்டும்; இந்தப் பள்ளியில் அது ஒழுங்காக நடப்பதில்லை. மதிய உணவில் குறை சொல்ல ஏதுமில்லை, கழிப்பறைகள் சுத்தமாக இருக்கின்றன, கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் வழங்கிய மடிக்கணினிகளைப் பிள்ளைகள் உண்மையிலேயே தொட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். ஆசிரியர் நிலைத்திருந்தால் நாலரை தந்திருப்பேன். தமிழில் ஆழமாக ஊன்றிப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் தயங்காமல் சேர்க்கலாம். இதே மொழியில் மேலே தொடர்ந்தால் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை வரை வழி இருக்கிறது. சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கணக்கும் அறிவியலும் நடத்துபவர் தமிழ் மீடியம் பணியிடத்தில் நியமனம் பெற்றவரா? யு.பி. பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், எட்டாம் வகுப்புக்குத் தமிழ் டிவிஷன் உள்ள உயர்நிலைப் பள்ளி எது, அங்கே போக பேருந்து உண்டா? பதில் திருப்தி தந்தால் ஆறாவது வேலைநாளுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். பிறகு சேரும் பிள்ளை அவ்வாண்டின் பணியிடக் கணக்கில் வராது.